"மீட்டிங் எங்கடா நடக்குது?"

வழக்கமா நாம ராஜா, போர், கப்பல்னு போவோம். இன்னைக்கு ஒரு ஹோட்டல் லாபியில் இருந்து பண்ண டெலிபோன் கால் பத்தி. ஆனா கதை ஆரம்பிக்கிறது பெருங்குடியில், எங்க ஃபிளாட்டில். இதில் வரும் நண்பனிடம் அனுமதி வாங்கிட்டுத்தான் பேசறேன். அவன் போட்ட ஒரே கண்டிஷன், பேர் வரக்கூடாது.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒன்றரை மணி. பக்கத்து ரூமிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். "டேய், இந்தக் குடியை விடறவங்க மீட்டிங் எங்கடா நடக்குது?"

பத்தடி தூரத்தில் இருக்கிறவன் கதவைத் தட்டாம மெசேஜ் அனுப்பறான். மூணு வருஷமா கூட இருக்கேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் பார்ட்டியில் ஆரம்பிச்சது, காலையில் லேப்டாப் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு கட்டிங்னு ஆனது வரைக்கும் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். "கொஞ்சம் குறைச்சுக்கோடா" என்பதைத் தாண்டி நான் ஒண்ணும் பேசினதில்லை.

சரி, தேடினேன். தேடறதுதானே நமக்குத் தெரிஞ்ச வேலை. எங்க ஏரியாவில் டாஸ்மாக் எங்கே இருக்குன்னு கேட்டா ஆட்டோ டிரைவர்லேர்ந்து எல்லாரும் சொல்லுவாங்க. இந்தக் கூட்டத்துக்கு வழி சொல்ல ஆளே இல்லை. ஒரு இடத்தில் பழைய முகவரி, இன்னொரு இடத்தில் நேரம் மாறியிருக்கு. மூணு போன் நம்பர் கிடைச்சுது. அவனுக்கு அனுப்பினேன். அஞ்சு நிமிஷம் 'டைப்பிங்' காட்டிக்கிட்டே இருந்தது. அப்புறம் வந்த பதில்: "வேணாம்டா. இந்த நேரத்துல முன்ன பின்ன தெரியாதவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்."

அந்தத் 'தொந்தரவு'ங்கற வார்த்தை என் மண்டையில் உட்கார்ந்துக்கிச்சு. அன்னைக்குத் தூக்கம் வரலை. இந்தக் கூட்டங்கள் எப்படி ஆரம்பிச்சுதுன்னு படிக்க ஆரம்பிச்சேன். படிச்சப்போதான் தெரிஞ்சுது, அவன் கணக்கு தலைகீழ்னு.

1935, மே 11, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன்னு ஒரு ஊர். டயர் செய்யற ஊர். குட்இயர் கம்பெனி பிறந்த இடம். அங்கே மேஃபிளவர்னு ஒரு ஹோட்டல். அதன் லாபியில் 39 வயசு பில் வில்சன் அங்கேயும் இங்கேயும் நடந்துக்கிட்டிருக்கார். நியூயார்க் ஆள், பங்குச்சந்தைக்காரர். ஒரு ரப்பர் இயந்திரக் கம்பெனியின் நிர்வாகத்தைப் பிடிக்க நடந்த ஓட்டுச் சண்டைக்காக ஆக்ரன் வந்தார். தோத்தாச்சு. கூட வந்தவங்க ஊருக்குத் திரும்பிட்டாங்க. பையில் பத்து டாலர் போல மிச்சம்.

லாபியின் ஒரு மூலையில் பார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். மதுவிலக்குச் சட்டம் போய் ஒன்றரை வருஷம்கூட ஆகலை, அதனால் குடிக்கிறதுக்கு எந்தத் தடையும் இல்லை. பில் குடியை விட்டு சரியா அஞ்சு மாசம். அதுக்கு முன்னாடி வேலை, காசு, பேர் எல்லாத்தையும் குடிச்சே தொலைச்சவர். நியூயார்க்கில் டவுன்ஸ் ஹாஸ்பிடல்னு ஒரு இடத்தில் திரும்பத் திரும்ப அட்மிட் ஆகி, கடைசியா 1934 டிசம்பரில் வெளியே வந்தார்.

லாபியின் இன்னொரு பக்கம், கண்ணாடிக்குப் பின்னால் ஊர்ச் சர்ச்சுகளின் பட்டியல் மாட்டியிருந்தது. பக்கத்தில் டெலிபோன். பில் அந்தப் பக்கம் போனார். பட்டியலில் கண்ணில் பட்ட ஒரு பாதிரியார் பேரைப் பிடிச்சு டயல் பண்ணார். வால்டர் டங்க்ஸ்னு அவர் பேர்.

இப்ப கவனிங்க. நான் இந்தக் கதையை முதல்ல படிச்சப்போ, 'என்னைக் காப்பாத்துங்க'ன்னு கேட்கத்தான் போன் பண்ணியிருப்பார்னு நினைச்சேன். இல்லை. இந்த ஊரில் குடியை விட முடியாமத் தவிக்கிற ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க, நான் அவர்கூடப் பேசணும் – இதுதான் அவர் கேட்டது.

ஏன்னா அந்த அஞ்சு மாசமா அவர் நியூயார்க்கில் குடிகாரர்களாத் தேடித் தேடிப் போய்ப் பேசிக்கிட்டிருந்தார். ஒருத்தர்கூட விடலை. சக்சஸ் ரேட் பூஜ்யம். ஆனா அவர் மனைவி லோயிஸ் ஒண்ணு கவனிச்சு சொன்னாங்க: நீங்க பேசின யாரும் விடலை, சரி, ஆனா நீங்க குடிக்கலையே. ஹோட்டல் லாபியில் பார் சத்தத்துக்கு நடுவில் பில்லுக்கு அதுதான் ஞாபகம் வந்தது. தான் குடிக்காம இருக்கணும்னா இன்னொரு குடிநோயாளிகிட்டப் பேசியாகணும். தொந்தரவு பண்ணியே தீரணும்!

பாதிரியார் பத்து பேர் கொண்ட ஒரு லிஸ்ட் கொடுத்தார். அதில் வரிசையா போன். ஒருத்தருக்கும் அப்படி ஒரு ஆளைத் தெரியலை. கடைசியில் ஒருத்தர் ஹென்ரியெட்டா சைபர்லிங்னு ஒரு அம்மாவோட பேரைச் சொன்னார். குட்இயர் நிறுவனரின் மருமகள். அந்தக் குடும்பத்துக்கு ஸ்டான் ஹைவெட்னு ஒரு பிரம்மாண்டமான மாளிகை. இவங்க இருந்தது அதன் வாசல் வீட்டில். பில் யோசிக்கிறார்: ஊரிலேயே பெரிய குடும்பம், அவங்ககிட்டப் போய் நான் ஒரு குடிகாரன்னு எப்படிச் சொல்றது? பெருங்குடியில் அஞ்சு நிமிஷம் ஓடின அந்த 'டைப்பிங்' ஞாபகம் வருதா?

போன் பண்ணிட்டார். அந்தம்மா ஆச்சரியப்படவே இல்லை. அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் குடியில் அழிஞ்சுக்கிட்டிருந்தார், அவருக்காக ஒரு சின்னக் குழுவே பிரார்த்தனை பண்ணிக்கிட்டிருந்தது. உடனே டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டாங்க. அவர் மனைவி ஆன் எடுத்தார். இன்னைக்கு வேணாமே. மறுநாள் அன்னையர் தினம்னு டாக்டர் ஒரு பூச்செடி வாங்கிட்டு வந்திருக்கார். செடி மேஜை மேலே இருக்கு. டாக்டர் மேஜைக்குக் கீழே.

அதனால் மறுநாள், மே 12, ஞாயிறு சாயந்திரம் அஞ்சு மணிக்குன்னு முடிவாச்சு. டாக்டர் பாப் ஸ்மித், 55 வயசு, அறுவை மருத்துவர். நடுங்கற கையோட வந்தார். பதினஞ்சு நிமிஷம்தான் இருப்பேன்னு மனைவிகிட்டக் கண்டிப்பாச் சொல்லித்தான் கிளம்பினாராம். எத்தனை பேர் அட்வைஸ் பண்ணியிருப்பாங்க, பாவம். ஆனா எழுந்தப்போ ராத்திரி பதினொரு மணி தாண்டியாச்சு.

ஆறு மணி நேரம் என்ன பேசினாங்க? பில் அட்வைஸ் பண்ணலை. தன் கதையைத் தன் பாட்டுக்குச் சொன்னார். எங்கே ஒளிச்சு வைப்பேன், யாருக்கு என்ன பொய் சொன்னேன், எத்தனை தடவை சத்தியம் பண்ணேன். குடியைப் பத்தின மருத்துவம் பாப்புக்குத் தெரியாததில்லை. அனுபவத்திலிருந்து, அதே மொழியில், பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காம ஒருத்தர் பேசறது மட்டும் அதுவரைக்கும் நடந்ததில்லை.

உடனே மாயம் நடந்துதான்னா, இல்லை. மூணு வாரம் கழிச்சு பாப் ஒரு டாக்டர்கள் மாநாட்டுக்கு அட்லாண்டிக் சிட்டி போனார், ரயிலேறினதிலிருந்தே குடி. திரும்பி வந்தப்போ ஒரு ஆபரேஷன் காத்துக்கிட்டிருந்தது. கை நடுங்குது. அன்னைக்குக் காலையில் பில்தான் ஒரு பாட்டில் பீர் கொடுத்தார், கை நிக்கணும்னு. கேட்கவே திக்குன்னு இருக்கு, ஆபரேஷன் டேபிளில் இருந்தவரை நினைச்சா. அதுதான் பாப் கடைசியா குடிச்சது. அந்த நாளை 1935 ஜூன் 10னு குறிச்சு, அதைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏஏ, தன் பிறந்தநாளாக் கொண்டாடுது. மாநாடு நடந்த தேதிகளை வெச்சுப் பார்த்தா ஒரு வாரம் தள்ளித்தான் இருக்கணும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. பரவாயில்லை, நம்ம ஊர்லயும் ஸ்கூல் சர்டிபிகேட்டில் எத்தனை பேருக்கு ஜூன் மாசப் பிறந்தநாள்!

இந்த இடத்தில் ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இது உயிர் விஷயம். தினமும் நிறையக் குடிக்கிற ஒருத்தர் திடீர்னு ஒரே நாளில் நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதல்ல டாக்டர். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, காசு கிடையாது. கூட்டம் டாக்டருக்கு மாற்று இல்லைன்னு ஏஏக்காரங்களே சொல்லுவாங்க. பில் தெளிஞ்சதும் ஆஸ்பத்திரியில்தான்.

ரெண்டு பேர் சேர்ந்தாச்சு. மூணாவது ஆளை எப்படித் தேடினாங்க? டாக்டர் பாப் ஆக்ரன் சிட்டி ஹாஸ்பிடலுக்குப் போன் பண்ணி, அங்கே குடிநோயாளி யாராவது இருக்காங்களான்னு நர்ஸிடம் கேட்டார். இருந்தார். ஒரு வக்கீல், அந்த ஆறு மாசத்தில் எட்டாவது தடவையா அட்மிஷன், வந்த உடனே நர்ஸ்களை அடிச்சதில் கட்டிலோட கட்டிப் போட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவங்கவங்க கதையைச் சொன்னாங்க. ஜூலை 4ஆம் தேதி வக்கீல் வெளியே வந்தார். சாகிற வரைக்கும் குடிக்கலை.

இங்கேயிருந்துதான் எனக்குள்ள இருக்கிற என்ஜினியர் முழிச்சுக்கிட்டான். பிரச்சினை என்னன்னா, இது ஒரு ஆள் இன்னொரு ஆளைத் தேடிப் போற முறை. ரெண்டு வருஷம் கழிச்சு, 1937 கடைசியில் பில்லும் பாப்பும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தா ஆக்ரன், நியூயார்க் ரெண்டும் சேர்த்து நாற்பது பேர் போலத்தான் தேறுது. அமெரிக்கா முழுக்க இருக்கிற குடிநோயாளிக்கு இந்த நாற்பது பேர் எங்கே இருக்காங்கன்னு எப்படித் தெரியும்? ஒரு புத்தகம் எழுதுவோம்னு முடிவு பண்ணாங்க. 1939 ஏப்ரலில் வந்தது, இயக்கத்தோட பேரே அதுக்குத் தலைப்பு.

அந்த முதல் பதிப்பின் முன்னுரையில் ஒரு விஷயம் இருக்கு. ஏன் பேரை மறைக்கிறோம்னு காரணம் சொல்றாங்க. வெட்கம், வேலை போயிடும்ங்கற பயம், இதெல்லாம்தான் காரணம்னு நாம நினைப்போம். அங்கே முதல்ல சொல்ற காரணம் வேற: நாங்க ரொம்பக் கொஞ்சம் பேர், இந்தப் புத்தகத்தைப் பார்த்துட்டு வரப்போற கூட்டத்தை எங்களால சமாளிக்க முடியாது. சர்வர் தாங்காதுப்பா, அதான் ஐபி அட்ரஸ் கொடுக்கலை! கண்டுபிடிக்கவும் முடியணும், கண்டுபிடிச்சவங்க பாரத்தில் நசுங்கவும் கூடாது. இந்த முடிச்சு இன்னைக்கு வரைக்கும் முழுசா அவிழலை.

அவங்க கண்ட வழி ஒரு தபால் பெட்டி. நியூயார்க்கில், பெட்டி எண் 658. மனுஷன் பேர் இல்லை, தெரு இல்லை, ஒரு நம்பர் மட்டும். ரூத் ஹாக்னு ஒரு செக்ரட்டரி ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் டைப் பண்ணார்.

முதல்ல கடிதம் அவ்வளவா வரலை. பிறகு அந்த வருஷ அக்டோபரில் கிளீவ்லாண்டில் ஒரு பத்திரிகை தொடர் கட்டுரை போட்டது. அங்கே இருந்ததே இருபது பேர் மாதிரி. ஆக்ரனுக்கு வாராவாரம் கார் ஓட்டிப் போய்க்கிட்டிருந்தவங்க, சில மாசம் முன்னாடிதான் தனிக் கூட்டம் தொடங்கியிருந்தாங்க. இப்போ நூத்துக்கணக்கில் போன் வருது. வேற வழியில்லாம, குடியை விட்டு ரெண்டே வாரமான ஆள், நேத்து வந்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போனார். எல்லாம் சிதறிடும்னு பயந்தாங்க. சிதறலை. பில் ஹோட்டல் லாபியில் கண்டுபிடிச்சதுதான் திரும்ப நடந்தது: கூட்டிக்கிட்டுப் போனவரும் தப்பிச்சார்.

1941 மார்ச் 1ஆம் தேதி சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்டில் ஜாக் அலெக்சாண்டர் எழுதின கட்டுரை வந்ததும் தபால் பெட்டி நிரம்பி வழிஞ்சுது. அந்த வருஷ ஆரம்பத்தில் ரெண்டாயிரம் போல இருந்தவங்க, கடைசியில் எட்டாயிரம். கூட்டமே இல்லாத ஊர்களிலிருந்து எழுதினவங்களுக்கு என்ன பண்றது? வியாபாரத்துக்கு ஊர் ஊராப் போற உறுப்பினர்கள்கிட்ட அந்தக் கடிதங்களின் பட்டியலைக் கொடுத்து அனுப்பினாங்க. கிளீவ்லாண்டுக்காரர் ஒருத்தர், ஜன்னல் திரை விற்கிறவர், தென் மாநிலங்கள் பூரா அப்படிப் போனார். திரை வேணுமான்னு ஒரு கதவைத் தட்டுவார். குடியை விடணுமான்னு அடுத்த கதவை.

இந்தியாவுக்கு இது வந்தது 1957இல், பம்பாய்க்கு. நம்ம மாநிலத்தில் குடியைப் பத்தின வரலாறுன்னா நமக்கெல்லாம் சட்டத்தின் வரலாறுதான் தெரியும். 1937இல் சேலத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு, 1971இல் தளர்த்தினது, 1983இல் டாஸ்மாக், 2003இல் அரசே சில்லறைக் கடை திறந்தது. கடையைத் திறக்கலாமா மூடலாமான்னு தொண்ணூறு வருஷமாப் பேசறோம். 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, இதுக்குன்னே ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். இன்னைக்கு டிடிகே ஹாஸ்பிடல்னு நாம சொல்றது அதைத்தான். நான் ஸ்கூலில் படிச்ச எந்தப் பாடத்திலும் அது வரலை. குடிகாரன்ங்கற வார்த்தை மட்டும் எல்லாருக்கும் தெரியும். குடிநோயாளின்னு ஒரு வார்த்தை இருக்குன்னு எனக்கே இருபத்தெட்டு வயசில்தான் தெரிஞ்சுது.

இன்னைக்கு இதுக்கு ஒரு ஆப் இருக்கு, மீட்டிங் கைட்னு. அதன் உள்கட்டமைப்பைப் போய்ப் பார்த்தேன், தொழில் புத்தி. ரொம்ப எளிமை. அந்தந்த ஊர்க்காரங்க தங்கள் கூட்டப் பட்டியலை ஒரு ஜேஸான் ஃபைலா வெளியிடறாங்க, ஆப் அதை எடுத்துக்குது. கிழமைக்கு ஒரு எண், ஞாயிறுன்னா 0. யார் வேணா வரலாம்னா 'ஓ', குடியை விட நினைக்கிறவங்க மட்டும்னா 'சி'. உறுப்பினர் பட்டியல் எங்கேயும் இல்லை. இடம் தெரியும், ஆள் தெரியாது. தபால் பெட்டி 658இன் பேரன்னு சொல்லலாம். ஆனா ஊர்க்காரங்க ஃபைலை அப்டேட் பண்ணலைன்னா ஆப்பும் பழசைத்தான் காட்டும்.

சரி, பெருங்குடி.

மறுநாள் காலையில் அவன்கிட்ட இந்த ஆக்ரன் கதையை அரைகுறையாச் சொன்னேன். தூக்கமில்லாத கண்ணோட, காபி டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணும் பேசாமக் கேட்டான். அன்னைக்கே லீவு போட்டு ஒரு டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை, கூடவே ஒரு வாரம் ஆஸ்பத்திரி. வெளியே வந்த அன்னைக்குச் சாயந்திரம் அவனே போன் எடுத்தான். முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. ரெண்டாவது யாரும் எடுக்கலை. மூணாவது நம்பரில் ஒரு பெரியவர் குரல். இவன் "சார், தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க"ன்னு ஆரம்பிச்சான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"தம்பி, நல்ல வேளை பண்ணீங்க. இன்னைக்கு எனக்கும் மனசு சரியில்ல. எங்க இருக்கீங்க?"

ரெண்டு நாள் கழிச்சுக் கூட்டம், ஒரு பள்ளிக்கூடத்தில், ஏழு மணிக்கு. யார் வேணா வரலாம்ங்கற வகை, அதனால் நானும் போனேன். மேப்ஸ் காட்டின கேட் பூட்டிக் கிடந்தது. தெரு விளக்கும் இல்லை. இவன் ரெண்டு நிமிஷம் நின்னான். "விடுடா, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்"னு திரும்ப ஆரம்பிச்சுட்டான். திரும்பற வழியில் ஒரு கடை இருக்கு, எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அப்போதான் மூலையிலிருந்து ஒருத்தர் செல்போன் லைட்டைக் காட்டிக்கிட்டே வேகமா வந்தார். "தம்பி! இந்தப் பக்கம், பின்பக்கம்!" அதே குரல். புதுசா வர்றவங்க எல்லாரும் முன் கேட்டில்தான் நின்னுட்டுப் போயிடறாங்கன்னு, ஒவ்வொரு வாரமும் அரை மணி முன்னாடியே வந்து தெருமுனையில் நிப்பாராம்.

பிளாஸ்டிக் நாற்காலி, டீ, மேரி பிஸ்கட். உள்ளே கேட்டதை இங்கே சொல்ல மாட்டேன், அதுதான் அங்கே இருக்கிற ஒரே வாசல் விதி.

முடிஞ்சு வெளியே வந்தப்போ பெரியவர்கிட்டக் கேட்டேன், ஆன்லைனில் முகவரி தப்பா இருக்கே, யார்கிட்டச் சொல்லணும்னு. சிரிச்சார். "அந்த லிஸ்ட்டை நான்தான் தம்பி பாத்துக்கறேன். எனக்கு எக்செல் அவ்வளவா வராது. நீங்க கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைதானே?"

இப்ப மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபைலோட உட்கார்றேன். நண்பன் ஒவ்வொரு நம்பருக்கும் போன் பண்ணி, எடுக்கறாங்களான்னு பார்த்துச் சொல்லுவான். போன வாரத்தோட அவனுக்குப் பதினோரு மாசம். அந்த ஃபைலில் நாங்க போட்ட முதல் திருத்தம்: "பின்பக்க கேட். முன் கேட் பூட்டியிருக்கும், திரும்பிப் போயிடாதீங்க."